அக்காவிடம் வாசிக்காத வசனம்

எனக்குக் காது நல்லது என்று ஊரில் பேர். பாட்டுக் காது இல்லை, பேச்சுக் காது. டவுண் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தால், அவர்கள் இறங்குவதற்குள் யார் யாருக்குப் பயப்படுகிறார், யார் எதை மறைக்கிறார் என்று சொல்லிவிடுவேன் என்று நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை. மறுக்காததோடு நின்றிருக்கலாம். நம்பவும் செய்துவிட்டேன். அந்த நம்பிக்கையில் என் அக்காவுக்கு நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

முப்பது வருஷம் ஓர் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். ஃபைலில் எழுதுகிற தமிழுக்கு உயிர் கிடையாது. அதற்குப் பரிகாரமாகத்தான் நாடகம் எழுதத் தொடங்கினேன். அலுவலக ஆட்களும் ரத வீதிக் கடைக்காரர்களும் சேர்ந்து டவுணில் எங்களுக்கு ஒரு சின்னக் குழு இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாடகம், ஒரே ஒரு தடவை. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, சாயங்காலம் ஒரு கல்யாண மண்டபத்தில் போடுவோம். மணமக்கள் உட்காருகிற சிவப்பு சோபாதான் எங்கள் எல்லா நாடகத்திலும் வீடு. ஏழை வீடு என்றால் அதன் மேல் ஒரு பழைய போர்வையை விரித்துவிடுவோம். கூட்டம் என்று பெரிதாக ஒன்றும் வராது. எங்கள் சொந்தக்காரர்களே பாதிப் பேர்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ராதாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகள் கிடையாது. அத்தான் இறந்த பிறகு அந்த வீட்டில் அவளைத் தனியாக விட மனமில்லாமல் நான்தான் போய் அழைத்து வந்தேன். அந்த வீட்டை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வந்தாள். எட்டு வருஷம் எங்களோடு இருந்தாள். நான், என் மனைவி, மகன், மகள், அக்கா என்று வீட்டில் ஐந்து பேர். அவள் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சத்தமே வந்தது என்று என் மனைவி சொல்லுவாள். அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அந்த எட்டு வருஷமும் நான் எழுதிய ஒவ்வொரு வசனத்தையும் முதலில் கேட்டது அக்காதான். காலையில் அவள் அடுக்களையில் காய் நறுக்கும்போது நான் வாசலை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசிப்பேன். அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்பாள். ஏதாவது சரியில்லை என்றால் அரிவாள்மணையில் கை நின்றுவிடும். அதுதான் எனக்கு அடையாளம். ‘ஏலே, இது யாரு பேசுத பேச்சு?’ என்பாள். உடனே அந்த வரியை அடித்துவிடுவேன்.

ஒரு நாடகத்தில், புருஷன் இரண்டு நாள் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டு வருகிறான். பெண்டாட்டி கொதித்துப்போய் இருக்கிறாள். ஆனால் சண்டை போடக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் ‘சாப்பிடுதியளா?’ என்று கேட்பதாக எழுதியிருந்தேன். அக்காவின் கை நின்றது.

‘இவ கோவத்துல இருக்கா, இல்லா?’

‘ஆமா.’

‘கோவத்துல இருக்கவ சாப்பிடுதியளான்னா கேப்பா? சோறு இருக்குன்னு சொல்லிட்டு அவ பாட்டுக்குப் போவா.’

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அதற்குப் பின்னால் நான் அந்தப் பெண்ணை ஒரு பக்கத்துக்கு அழவும் கத்தவும் வைத்திருந்ததை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாள். மேடையில் அந்தப் பெண் ‘சோறு இருக்கு’ என்று சொல்லிவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனதும், மண்டபத்தில் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் அவரவர் வீட்டை நினைத்துச் சிரித்தார்கள்.

இன்னொரு நாடகத்தில் வீட்டுக்காரர் குடியிருப்பவரிடம், ‘வீட்டைக் காலி பண்ணணும்’ என்பார். அக்கா அதை ஒரு தடவை தன் வாயால் சொல்லிப் பார்த்தாள். பிறகு, ‘வீடுன்னு வாயில வந்துட்டா மனசு எளகிரும்லே. காலி பண்ணச் சொல்லுதவன் இடம்னுதான் சொல்லுவான். இடத்தை எப்ப ஒழிச்சுத் தாரியன்னு கேப்பான்’ என்றாள். வீடும் அதுதான், இடமும் அதுதான். ஆனால் ஒன்றில் அடுப்பு எரிகிறது, மற்றதில் எரியவில்லை. நான் புத்தகம் புத்தகமாகப் படித்தவன். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. அப்போது இருந்தது. நாடகம் முடிந்ததும் யாராவது கையைப் பிடித்து, ‘அண்ணாச்சி, அந்த ஒரு வசனம் போதும் வே’ என்று சொல்லும்போது, அது அக்கா சொன்னது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் வார்த்தைக்குக் கைதட்டுகிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்படுவாள்.

தினமும் சாயங்காலம் ராதாபுரத்திலிருந்து அவளுடைய நாத்தனார் போனில் கூப்பிடுவாள். அத்தானின் தங்கை. இரண்டு பேருக்கும் நாற்பது வருஷப் பழக்கம். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுகிற மாதிரி நிதானமாகப் பேசுவாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து காதைத் தீட்டி வைத்திருப்பேன். ஒரு நாள் அந்த அம்மாள், ‘மதினி, அங்கன எப்படி இருக்கிய?’ என்று கேட்டாள். அதற்கு அக்கா, ‘எனக்கென்ன தாயீ, நான் பாட்டுக்கு தம்பி வீட்டுல ஒரு மூலையில கெடக்கேன்’ என்று சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் பக்கத்தில் இது மனக்குறையில் சொல்கிற பேச்சு கிடையாது. வசதியாக இருக்கிறவர்கள்தான் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லுவார்கள். ‘மகராசியா இருக்கேன்’ என்று சொன்னால் கண் பட்டுவிடும். அதனால் ‘கெடக்கேன்’ என்பார்கள். பேரன் பேத்தி எடுத்து, வயலும் தோப்புமாக இருக்கிற பெரியவர்கூட ‘ஏதோ கெடக்கேன் வே’ என்றுதான் சொல்லுவார். கேட்கிறவருக்கும் அது புரியும். அக்கா சொன்னதும் அந்த ரகம்தான். அவள் குரலில் இருந்த நிறைவு எனக்கே தெரிந்தது. ஆனாலும் அந்த வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டேன். எழுதுகிறவன் புத்தி அப்படி.

அந்த வருஷம் எழுதிய நாடகம், தம்பி வீட்டில் இருக்கும் ஓர் அக்காவைப் பற்றியது. தம்பி கல்நெஞ்சுக்காரன். அக்காவை வைத்து வேலை வாங்குகிறான். அவனைக் கிழிகிழி என்று கிழிக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அக்கா பக்கம் நின்று எழுதுகிறோம் என்று சத்தியமாக நினைத்தேன். முதல் காட்சியின் முடிவில் தம்பியின் பழைய சிநேகிதன் வருகிறான். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்கிறான். தம்பி சொல்கிறான்:

‘நாங்க நாலு பேரு இருக்கோம். அக்கா ஒருத்தி கெடக்கா.’

அந்த நேரம் காபித் தம்ளரோடு வந்த அக்கா அதைக் கேட்டு நிற்கிறாள். தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகிறாள். விளக்கு அணைகிறது. இதை எழுதி முடித்ததும் எழுந்து நடந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. நாலு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி கிடக்கிறாள். ஒரே வினாடியில் அவள் மனுஷர்கள் கணக்கிலிருந்து சாமான் கணக்குக்குப் போய்விடுகிறாள். திட்டு இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. கோர்ட்டில் நிறுத்திக் கேட்டால்கூட, ‘நான் என்ன தப்பாச் சொன்னேன்?’ என்று அவன் கேட்கலாம். மற்ற வசனங்களை எல்லாம் நாலு தடவை அடித்து அடித்து எழுதியிருந்தேன். இந்த வரியில் மட்டும் ஓர் அடித்தல்கூடக் கிடையாது. அது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. கல்நெஞ்சுக்காரன் ஒருவனுடைய வசனம் என் கைக்கு ஏன் அவ்வளவு லேசாக வந்தது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இந்த நாடகத்தை அக்காவிடம் வாசிக்கவில்லை.

மேடையில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். ‘அப்ப என்னமோ இருக்கு’ என்றாள் அவள். நான் முறைத்தேன். உண்மை என்னவென்றால், வாசித்தால் அந்த வரியில் அக்காவின் கை நின்றுவிடும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. நல்ல வரியை இழக்க நான் தயாராக இல்லை. காலையில் நாற்காலியைப் போடாமல் பேப்பர் படிக்கப் போனேன். ‘என்னலே, இந்த வருசம் ஒண்ணும் எழுதலியா?’ என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி நழுவிவிட்டேன்.

தம்பி வேஷம் போட்டவர் மேல ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர். நல்ல மனுஷர். நாள் முழுக்கப் பெண்களோடு பேசிப் பேசி, யாரிடம் எந்த வார்த்தை போகும், எது போகாது என்று அவருக்கு அத்துப்படி. முதல் ஒத்திகையில் அவர், ‘அக்கா ஒருத்தி இருக்கா’ என்று சொன்னார். நான் நிறுத்தினேன். திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் ‘இருக்கா’ என்றார்.

‘அண்ணாச்சி, இருக்கான்னே சொல்லிருதேனே. கெடக்கான்னு சொல்ல நாக்கு கூசுது. எனக்கும் ஒரு அக்கா உண்டு’ என்றார்.

அன்றைக்கு நான் அவருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். வசனத்தில் ஒரு வார்த்தை என்ன சொல்கிறது என்பது முக்கியமே இல்லை, அது எந்தெந்த வாயில் புழங்கிவிட்டு வருகிறது என்பதுதான் முக்கியம் என்றேன். நாய் கிடக்கும், விறகு கிடக்கும், செருப்பு கிடக்கும், அந்த வாடையெல்லாம் சேர்ந்துதான் அந்த அக்காவின் மேல் விழுகிறது என்றேன். கோபமாகச் சொல்லக்கூடாது, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிற குடையைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி அசட்டையாகச் சொல்ல வேண்டும் என்று நடித்தே காட்டினேன். அவர் தலையாட்டினார். கடைசி ஒத்திகையில் ரொம்ப அழகாகச் சொன்னார். நான் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

இவ்வளவு விளக்கம் தெரிந்தவனுக்கு அடுத்த அடி தெரியவில்லை. ஒரு வார்த்தையை அவளே தன்னைப் பற்றிச் சொல்லும்போது அது ஒன்று. அதையே அவள் தம்பி எடுத்துச் சொல்லும்போது அது வேறு. வார்த்தை அக்காவுடையது என்பதால் அது அவளைச் சுடாது என்று கூடச் சில நேரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளுடைய வார்த்தை என்பதால்தான் அது அவ்வளவு ஆழமாகச் சுட்டது.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. அந்த வசனம் வந்தபோது முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. அப்புறம் சிரித்தவர்களே சிரித்ததற்கு வெட்கப்பட்ட மாதிரி ஓர் அமைதி. விளக்கு அணைந்ததும் கைதட்டல். நான் ஓரத்தில் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, நடு வரிசையில் உட்கார்ந்திருந்த என் மேலதிகாரி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எப்போதும் போல முதல் வரிசையில்தான் இருந்தாள். நான் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. இதை நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு அறை அறையலாம் போல வருகிறது.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். அக்கா நடுவில் உட்கார்ந்திருந்தாள். ‘எப்படிக்கா இருந்துச்சு?’ என்று கேட்டேன்.

‘நல்லா இருந்துச்சு’ என்றாள்.

எட்டு வருஷத்தில் என் நாடகம் ஒன்றைக்கூட அவள் நல்லா இருந்துச்சு என்று சொன்னதில்லை. ‘அந்தக் கெழவன் ஏன்லே அவ்வளவு நீளத்துக்கு இருமுதான்?’ என்பாள். ‘கடைசியில கட்டிப்புடிச்சு அழுதாங்க பாரு, கண்றாவி’ என்பாள். ஏதாவது ஒரு நொட்டை சொல்லாமல் ஆட்டோ எங்கள் தெருமுனை திரும்பியதில்லை. அன்றைக்கு ‘நல்லா இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். என் பேச்சுக் காது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டது.

மனைவிக்குத்தான் புரிந்தது. வீட்டுக்குள் போனதும், ‘மதினி மொகத்தப் பாத்தியளா? ஏன் இப்படி எழுதுனிய?’ என்று கேட்டாள். இது நாடகம், தம்பியைத்தானே கெட்டவனாகக் காட்டியிருக்கிறேன் என்றேன். ‘பாக்கவங்களுக்கு அது தெரியுமா?’ என்றாள். அவள் சொன்னது இரண்டு நாளில் பலித்தது. குழுவில் யாரோ அந்தக் காட்சியை மட்டும் செல்போனில் எடுத்து, ஒரு நிமிஷத் துண்டாக அனுப்பிவிட்டார்கள். அது எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் ராதாபுரத்து நாத்தனார், ‘ஐயோ, எங்க மதினி பாவம்’ என்று எழுதியிருந்தாள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போடவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டாள். அவள் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

‘இல்ல தாயீ, நான் அன்னைக்குச் சும்மா சொன்னது. வாய்ப்பேச்சுக்குச் சொன்னது... இல்ல, தம்பி பொண்டாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டா, அவ தங்கமான பிள்ள... அது நாடகம்லா. நாடகத்துல அப்படித்தான் வைப்பான்... இல்ல, அழல. நான் எதுக்கு அழணும்?’

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா போனில் சிரித்துக்கொண்டு சொன்ன அந்த வார்த்தைக்கு, நாத்தனார் இத்தனை நாளாக ஒரு அர்த்தம் வைத்திருந்தாள். நாடகத்தைப் பார்த்ததும் அதை எடுத்துவிட்டு வேறு ஒன்றை வைத்துவிட்டாள். ‘அப்ப மதினி சொன்னதெல்லாம் நெசந்தான் போலிருக்கு, நாமதான் வெளையாட்டுன்னு நெனச்சோம்’ என்று ராதாபுரத்தில் பேச்சாகிவிட்டது. பழியெல்லாம் என் மனைவி தலையில் விழுந்தது. எட்டு வருஷம் மாமியாரைப் போல அக்காவை வைத்துத் தாங்கியவள் அவள். அவள் என்னிடம் சண்டை போடவில்லை. ஒரு வாரம் பேசவில்லை, அவ்வளவுதான்.

அக்கா யாரிடமும் கோபப்படவில்லை. ஆனால் அவள் பேச்சு மாறிப்போய்விட்டது. அதற்குப் பிறகு போனில் யாராவது எப்படி இருக்கீங்க என்று கேட்டால், ‘ரொம்ப நல்லா இருக்கேன். எல்லாரும் என்னை நல்லா பாத்துக்கிடுதாங்க’ என்று சொன்னாள். மனப்பாடம் செய்த மாதிரி ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர்கள், பார்க்க வந்தவர்களிடம் சொல்லுகிற வசனம் அது. சொந்த வீட்டில் இருக்கிறவளுக்கு, தன்னை யார் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. என்னை நாடகக்காரன் என்று கொண்டாடுகிற ஊரில், என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி நாள் முழுக்க வசனம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வசனத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவை அடுக்களைப் பக்கம் போய் நின்றேன். ‘என்ன தம்பி, காபி வேணுமா?’ என்று கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆமாம், காபிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் ராதாபுரத்து வீட்டில் குடியிருந்த வாத்தியார் மாற்றலாகிப் போனார். அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

‘வீட்டைப் பூட்டிப் போட்டா கரையான் அரிச்சிரும். ஒரு பத்து நாள் போயிப் பாத்துட்டு வாரேன்.’

பத்து நாளைக்கு எடுத்துப் போகிற சாமான் இல்லை அது. குளிருக்குப் போடுகிற சால்வை, அத்தானின் படம், அவள் பூஜை செய்கிற சின்னப் பிள்ளையார் எல்லாம் பைக்குள் போனது. நான் பார்த்தேன். என் மகள் அழுதுகொண்டே, ‘அத்தை, எப்ப வருவிய?’ என்று கேட்டாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாளே தவிர நாள் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்தேன். பஸ் கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது. அந்த இருபது நிமிஷத்தில் ‘போகாதேக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பவில்லை. சொந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லாரும் நம்பினார்கள். அடுத்த வருஷம் நாடகம் இல்லை. நான் எழுதாமல் இல்லை. முப்பது நாற்பது பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் எல்லாப் பாத்திரமும் எங்கள் அலுவலகத்துத் தலைமை எழுத்தர் மாதிரியே பேசியது. குழுவினர் இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள்.

பத்து மாதம் கழித்து, ஓர் ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, மனைவியிடம்கூடச் சொல்லாமல் வள்ளியூர் வழியாக ராதாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும் போய்ச் சேரும்போது. தெருவுக்குள் நுழையும்போதே அக்காவின் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள்.

‘ஏட்டி, நீ சொல்லுததப் பாத்தா மொளகாயக் காயப்போட்டதும் நீதான், களவாண்டுட்டுப் போனதும் நீதான்னுல்லா தெரியுது! காக்கா மேல ஏன் பழியப் போடுத? அதுக்கு மொளகாய வச்சு என்ன, கொழம்பா வைக்கப் போகுது?’

எதிர்வீட்டுப் பெண் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நான் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் பையோடு நின்றுகொண்டே இருந்தேன். பத்து மாதமாக இந்தப் பேச்சுக்குத்தான் நான் பட்டினி கிடந்திருக்கிறேன் என்று தெரிந்தது. உள்ளே போனால் இது நின்றுவிடும் என்றும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வெயில் தாங்காமல் கதவைத் தள்ளினேன்.

‘வா தம்பி’ என்றாள் அக்கா. எதிர்வீட்டுப் பெண் சேலையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். ‘பிரயாணம் நல்லா இருந்துச்சா?’

எங்கள் வீட்டில் யாரும் பிரயாணம் செய்ததில்லை. பஸ்ஸில் வருவோம், போவோம்.

சாப்பாடு போட்டாள். வத்தக்குழம்பும் அப்பளமும். குறையில்லாமல் போட்டாள். மகன் வேலை, மகள் படிப்பு, என் மனைவியின் முட்டுவலி என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், இதற்கு மேல் தாங்காது என்று நான் சொல்லிவிட்டேன்.

‘அக்கா, அந்த நாடகத்தை உங்கிட்ட வாசிச்சிருக்கணும். வாசிக்காம விட்டது என் தப்புதான். அது உன் வார்த்தை. உங்கிட்ட கேக்காம எடுத்துக்கிட்டேன். எடுத்ததும் இல்லாம, உனக்கே அது ஒதவாமப் பண்ணிட்டேன்.’

 விரிப்பில் கிடந்த ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

‘அது போவுது. அவன் சொன்னான், சரி. சொல்லுதவன் சொல்லத்தான் செய்வான். அந்த அக்காக்காரி ஏன்லே ஒண்ணும் சொல்லாம உள்ள போனா?’

நாடகத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் வாயில் ‘லே’ வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையில் அந்த இடத்தில் பேசாமல் போனால்தான் கனமாக இருக்கும், அதனால்தான் அப்படி வைத்தேன் என்று உளறினேன்.

‘பேசாம போவாளா? ஏலே, நீ எட்டு வருசமா வீட்டுல பாத்த அக்கா வாய மூடிக்கிட்டு உள்ள போறவளா? ஒரு வார்த்தை திருப்பிக் குடுத்திருக்க மாட்டா?’

‘என்ன சொல்லியிருப்பா?’ என்றேன்.

அக்கா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. அரிவாள்மணையில் கை நிற்கும்போது வருமே, அது. பதில் அவளிடம் இருந்தது. இத்தனை நாளும் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். நான் என்னை அறியாமல் முன்னால் குனிந்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டாள்.

‘அது ஒனக்கு எதுக்கு? எழுதிப்புடுவே’ என்றாள்.

பிறகு எழுந்து, தண்ணீர்ச் செம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

‘வள்ளியூர் பஸ் மூணே காலுக்கு தம்பி. இப்ப நடந்தா சரியா இருக்கும்’ என்றாள்.

நான் கிளம்புவதாக இன்னும் சொல்லியிருக்கவில்லை.